கருவியும் கல்வியும்

தச்சுத் தொழிலைக் கற்கப் புகும் சிறுவனிடம் ஆசான் முதல் நாளிலேயே தேக்குப் பலகையைக் கொடுத்துவிடுவதில்லை. உளியைத் தீட்டவும், இழைப்புளியின் அலகைப் பொருத்தவும் முதலில் கற்பிப்பான். 'எப்பொழுது நாற்காலி செய்வோம்?' என்று சிறுவனின் உள்ளம் துடிக்கும். ஆயினும், ஆசான் விரைய மாட்டான். கருவியை அறியாத கை மரத்தையும் கெடுக்கும், தன்னையும் காயப்படுத்திக்கொள்ளும் என்பது அவனுக்குத் தெரியும்.

கணினிக்கு நிரல் எழுதுதலும் அத்தகைய ஒரு தொழிலே. அதற்கும் கருவிகள் உண்டு. நிரலைத் தட்டெழுத ஒரு பதிப்பி வேண்டும். எழுதியதைக் கணினி அறியும் வடிவிற்கு மாற்ற ஒரு நிரல்பெயர்ப்பி வேண்டும். பிறர் முன்பே எழுதிவைத்த பயனுள்ள பகுதிகளைத் திரட்டித் தரும் நிரல்நூலகங்கள் வேண்டும். இவற்றைத் தன் கணினியில் நிறுவிக்கொண்ட பின்னரே மாணவன் தன் முதல் நிரலை அதில் இயக்கிப் பார்க்க இயலும். நிறுவும் இவ்வேலையைப் பலர் வெறுஞ்சுமையாகக் கருதுகின்றனர். 'யாரேனும் செய்து கொடுத்தால் நன்று. இல்லையேல், எங்கேனும் கண்ட கட்டளையைப் படியெடுத்து ஒட்டிவிட்டால் போதும்' என்பது அவர்தம் எண்ணம். அவ்வெண்ணம் பொருந்தாது. திறந்த மூல இயக்க அமைப்பில் கருவியை நிறுவுதல், கல்வியின் வாயிலில் கிடக்கும் தடைக்கல் அன்று. அதுவே கல்வியின் முதற்படி. அப்படியைக் கண்ணை மூடிக்கொண்டு தாண்டுபவர், தம் கணினியின்மீது தமக்குள்ள உரிமையையே கைந்நழுவ விடுகின்றனர்.

திறந்த மூலம் என்பது யாது? கணினியின் செயலி அறிவன, ஒன்று, சுழியம் என்னும் இரு குறிகளால் அமைந்த கட்டளைகளே. மனிதர் அவ்வடிவில் எழுதுதல் பெருந்துன்பம். ஆதலால், மனிதர் படித்துணரத்தக்க நிரல்மொழிகள் தோன்றின. அமெரிக்க நாட்டுப் பெல் ஆய்வகத்தில் டென்னிஸ் ரிச்சி என்பார் 1970-களின் தொடக்கத்தில் உருவாக்கிய சி மொழி அவற்றுள் ஒன்று. அத்தகைய மொழியில் மனிதர் எழுதுவது மூல நிரல் எனப்படும். அதனைச் செயலியின் கட்டளைகளாக மாற்றித் தருவது நிரல்பெயர்ப்பி. அவ்வாறு மாற்றப்பெற்றதைக் கணினி அறியும். மனிதர் எளிதில் அறியார். சமைத்த குழம்பை உண்டு பார்த்து, அதில் சேர்ந்தவற்றின் அளவையெல்லாம் சொல்லிவிட இயலுமா? மென்பொருள் விற்கும் நிறுவனங்கள் பல, குழம்பை மட்டும் தந்து பக்குவத்தை மறைத்துக்கொள்கின்றன. பக்குவத்தையும் உடன் தந்து, படிக்கவும் மாற்றவும் பிறர்க்கு வழங்கவும் உரிமையளிப்பதே திறந்த மூல மென்பொருள்.

இவ்வுரிமையின் வரலாற்றில் கருவிக்குத் தனியிடம் உண்டு. 1983-ஆம் ஆண்டு ரிச்சர்டு ஸ்டால்மன் என்னும் அமெரிக்க அறிஞர், எவரும் தடையின்றிப் பயன்படுத்தத்தக்க முழு இயக்க அமைப்பு ஒன்றைப் படைக்கப்போவதாக அறிவித்தார். அதற்குக் 'குனூ' என்று பெயரிட்டார். இயக்க அமைப்பைப் படைக்க நிரல்பெயர்ப்பி வேண்டும். ஐரோப்பாவில் ஒரு பல்கலைக்கழகம் வைத்திருந்த நிரல்பெயர்ப்பியின் பெயரில் 'கட்டற்ற' என்னும் பொருள்படும் சொல் இருந்தது. அதனைப் பயன்படுத்தலாமா என்று ஸ்டால்மன் எழுதிக் கேட்டார். பல்கலைக்கழகமே கட்டற்றது, நிரல்பெயர்ப்பி அன்று என்னும் கருத்தில் ஏளனமாக விடை வந்தது. வேறோர் ஆய்வகத்தின் நிரல்பெயர்ப்பியை எடுத்துத் திருத்த முயன்றார். அஃது அக்காலத்துச் சிறு கணினிகளின் நினைவகத்திற்கு அடங்கவில்லை. இறுதியில் தாமே புதிதாக ஒன்றை எழுதத் தொடங்கி, 1987-ஆம் ஆண்டு வெளியிட்டார். அதுவே ஜி.சி.சி. என்னும் புகழ்பெற்ற நிரல்பெயர்ப்பி.

நான்கு ஆண்டுகள் கழிந்தன. பின்லாந்து நாட்டில் ஹெல்சின்கிப் பல்கலைக்கழகத்தில் பயின்றுகொண்டிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்னும் 21 வயது மாணவர், 1991-ஆம் ஆண்டு லினக்ஸ் என்னும் இயக்க அமைப்பின் கருவை எழுதினார். அவர் எழுதிய மூல நிரலைச் செயலியின் மொழிக்குப் பெயர்த்தது எது? ஜி.சி.சி.யே. விலையின்றிக் கிடைத்த அக்கருவி இல்லையேல், செல்வமில்லா மாணவர் ஒருவரின் முயற்சி அவருடைய மேசையோடு நின்றிருக்கக்கூடும். இன்று உலகின் பெருங்கணினிகளும் கைபேசிகள் பலவும் லினக்ஸ் கருவின்மீது இயங்குகின்றன. வீடு எழும்புமுன் உளி இருந்தது என்பதே இவ்வரலாறு காட்டும் உண்மை. மாணவன் ஒருவன் தன் கணினியில் நிரல்பெயர்ப்பியை நிறுவும்பொழுது, டோர்வால்ட்ஸ் நின்ற அதே வாயிலில் அவனும் நிற்கின்றான்.

இனி, அக்கருவியை நிறுவும் முறையைக் காண்போர் வியப்படைவர். லினக்ஸ் கருவோடு ஆயிரக்கணக்கான மென்பொருள்களைச் சேர்த்து, முழுமையான இயக்க அமைப்பாக வழங்கும் குழுவினர் பலர் உளர். 1993-ஆம் ஆண்டு இயான் மர்டாக் என்பார் தொடங்கிய டெபியன் அவற்றுள் தொன்மையானவற்றில் ஒன்று; தன்னார்வலர்களால் நடத்தப்படுவது. 2004-இல் தோன்றிய உபுண்டு அதனின்று கிளைத்தது. சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனத்தார் 2007-ஆம் ஆண்டு வெளியிட்ட பாஸ் என்னும் இந்திய இயக்க அமைப்பும் டெபியனை அடிப்படையாகக் கொண்டதே. டெபியன் குழுவினர் ஒவ்வொரு மென்பொருளையும் ஒரு பொதியாகக் கட்டிக் களஞ்சியத்தில் வைத்துள்ளனர். 2023-இல் வெளிவந்த டெபியன் 12-ஆம் பதிப்பில் 64,000-க்கும் மேற்பட்ட பொதிகள் இருந்தன. களஞ்சியத்தினின்று வேண்டியதைக் கொணர்ந்து தரும் பணியாளைப் போன்றது 'ஆப்ட்' என்னும் கருவி.

மாணவன் 'பில்டு எசென்ஷியல்' என்னும் பொதியைக் கேட்கின்றான் என்று கொள்வோம். அஃது ஒரே பொதியாகத் தோன்றினும், தன்னோடு சுற்றத்தையும் அழைத்து வருவது. சி மொழிக்குரிய நிரல்பெயர்ப்பி வரும். சி++ மொழிக்குரியதும் வரும். பெரிய நிரலின் பகுதிகளை முறையாகக் கட்டியமைக்கும் 'மேக்' என்னும் கருவி வரும். சி நூலகத்தின் தலைப்புக் கோப்புகளும் வரும். இவை ஒவ்வொன்றும் வேறு சிலவற்றைச் சார்ந்திருக்கும். அவையும் உடன் வரும். ஒரு பொதி எவ்வெவற்றைச் சார்ந்தது என்னும் குறிப்பு அப்பொதியிலேயே எழுதப்பட்டிருக்கும். ஆப்ட் அக்குறிப்புகளைப் படித்து, புதிதாக வருவன எவை, நீக்கப்படுவன எவை, வட்டில் எவ்வளவு இடம் கொள்ளும் என்பவற்றைப் பட்டியலிட்டு, 'தொடரலாமா?' என்று வினவும்.

அவ்வினாவின் முன் நிற்கும் ஒரு நொடியே கல்வி தொடங்கும் நொடி. பட்டியலைப் படிக்கும் மாணவன், ஒரு சிறு கருவிக்குப் பின்னால் எத்தனை பேருடைய உழைப்பு அணிவகுத்து நிற்கின்றது என்று உணர்வான். 'இது ஏன் வருகின்றது? அது ஏன் நீக்கப்படுகின்றது?' என்று கேட்பான். உபுண்டுவில் பைத்தான் மொழியை நீக்குமாறு கட்டளையிட்டால், திரையில் காணும் பணிமேடையின் பகுதிகளும் உடன் நீக்கப்படும் என்று அப்பட்டியல் எச்சரிக்கும். படித்தவன் கையை எடுத்துக்கொள்வான். படியாதவன் ஒரு விசையை அழுத்திவிட்டு, மறுநாள் கணினி பழுதாகிவிட்டது என்று வருந்துவான். ஆழம் அறியாமல் காலை விட்டவன் ஆற்றைப் பழித்துப் பயன் என்ன?

பைத்தான் மொழியைப் பற்றி இங்கு இன்னும் சிறிது கூறுதல் தகும். நெதர்லாந்து நாட்டவரான கைடோ வான் ரோசம் 1991-இல் வெளியிட்ட இம்மொழி, கற்பதற்கு எளியது; பள்ளிகள் பலவற்றில் பயிற்றப்படுவது. லினக்ஸ் அமைப்புகள் பலவற்றில் இது முன்பே நிறுவப்பட்டிருக்கும். காரணம், அமைப்பு தன் சொந்த வேலைகளுக்கே இம்மொழியைப் பயன்படுத்துகின்றது. உபுண்டுவின் மென்பொருள்களைப் புதுப்பிக்கும் கருவி பைத்தானில் எழுதப்பட்டதே. இதனை அறியாத மாணவன், தன் பயிற்சிக்கு வேண்டிய நூலகங்களை 'பிப்' என்னும் கருவியால் அமைப்பின் பைத்தானுக்குள்ளேயே கொண்டுபோய்த் திணிப்பான். புதிய நூலகம் பழையதை மாற்றும். அமைப்பின் கருவிகள் எதிர்பார்த்த பதிப்பு மறையும். வீட்டின் தூணைச் செதுக்கிப் பொம்மை செய்ததைப் போன்றது அது.

இக்குறையைப் போக்கவே, டெபியன் 12-ஆம் பதிப்பு முதல் அமைப்பின் பைத்தானுக்குள் பிப் கருவி பொதிகளை நிறுவ மறுக்கின்றது. மறுப்பதோடு நில்லாமல் வழியும் சொல்கின்றது. களஞ்சியத்தில் அந்நூலகம் இருந்தால் ஆப்ட் வழியாகப் பெறுக; இல்லையேல், உனக்கென ஒரு மெய்நிகர் சூழலை அமைத்து அதனுள் நிறுவுக என்பது அச்செய்தியின் கருத்து. மெய்நிகர் சூழல் என்பது மாணவனுக்குரிய தனி அறை. அங்கு அவன் எதனையும் வைக்கலாம், எடுக்கலாம், உடைக்கலாம். வீட்டின் தூண்கள் அசையா. வேண்டாதபொழுது அக்கோப்புறையை நீக்கிவிட்டால் அறையே மறைந்துவிடும்.

இம்மறுப்பைக் கண்டு சினங்கொள்வார் பலர். 'நேற்று வரை வேலை செய்தது இன்று ஏன் செய்யவில்லை?' என்று முறையிடுவர். தடையை மீறுதற்கு ஒரு சொல் உண்டு. அதனைக் கட்டளையோடு சேர்த்தால் பிப் இணங்கிவிடும். அச்சொற்றொடரின் பொருள் யாது? 'அமைப்பின் பொதிகளை உடை' என்பதே. ஆக்கியோர் இவ்வளவு வெளிப்படையாகப் பெயரிட்ட பின்னரும், பொருளை எண்ணாமல் அதனைப் படியெடுத்து ஒட்டுவோர் உளர். உடை என்று சொல்லியே உடைத்துவிட்டு, உடைந்ததே என்று கலங்குவதில் நியாயம் இல்லை. வாயிலில் நிற்கும் காவலன் பகைவன் அல்லன். உள்ளே இருப்பவர் உறங்கும்பொருட்டு விழித்திருப்பவன்.

கட்டளையைப் படியெடுத்து ஒட்டும் பழக்கத்தில் இதனினும் பெரிய தீங்கு ஒன்று உண்டு. லினக்ஸ் அமைப்பில் பயனர் அனைவருக்கும் எல்லா உரிமையும் இல்லை. அமைப்பு முழுவதையும் மாற்றவல்ல தலைமை உரிமை தனியே வைக்கப்பட்டுள்ளது. 'சூடோ' என்னும் சொல்லை முன்னே இட்டுக் கடவுச்சொல்லைத் தந்தால், அவ்வொரு கட்டளைக்கு அத்தலைமை உரிமை கிட்டும். அது வீட்டின் திறவுகோல் கொத்துக்கு நிகர். முன்பின் அறியாத ஒருவர் இணையத்தில் எழுதிவைத்த வரியைப் பொருளறியாமல் சூடோவுடன் இயக்குதல், வழிப்போக்கர் கையில் அக்கொத்தைக் கொடுத்து, 'வேண்டியதைச் செய்துவிட்டுத் திருப்பித் தாருங்கள்' என்பதற்கு ஒப்பாகும்.

களஞ்சியத்தினின்று பெறுவதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு என்று கேட்கலாம். டெபியன் களஞ்சியத்தின் அட்டவணையில் ஒவ்வொரு பொதிக்கும் கணக்கிட்டு எழுதிய ஒரு குறியீட்டெண் உண்டு. பொதியில் ஓரெழுத்து மாறினும் அவ்வெண் பொருந்தாது. அவ்வட்டவணை முழுவதற்கும் பொறுப்பாளர்கள் மின்னொப்பம் இட்டுள்ளனர். ஆப்ட் கருவி ஒப்பத்தையும் எண்ணையும் ஒத்துப் பார்த்த பின்னரே பொதியைப் பிரிக்கும். இடைவழியில் எவரேனும் பொதியை மாற்றியிருந்தால், அது வெளிப்பட்டுவிடும்.

அங்ஙனமாயின், ஒப்பமிட்டவரை நம்பிவிட்டால் போதுமா? இவ்வினாவை உலகின்முன் கூர்மையாக எழுப்பியவர் யூனிக்ஸ் அமைப்பைப் படைத்தோருள் ஒருவரான கென் தாம்சன். 1984-இல் வெளிவந்த தம் உரையில் அவர் ஓர் அச்சந்தரும் உண்மையை விளக்கினார். நிரல்பெயர்ப்பிக்குள் சூழ்ச்சி செய்து வைத்தால், அது பெயர்க்கும் நுழைவு நிரலில் கள்ளவாயில் ஒன்றைத் தானே சேர்க்கும். தன்னைத்தானே பெயர்க்கும்பொழுது அச்சூழ்ச்சியையும் மீண்டும் சேர்த்துக்கொள்ளும். மூல நிரலில் அதன் தடமே இராது. கருவியே கெட்டுவிட்டால், அதனால் செய்யப்படுவன அனைத்தும் கெடும் என்பதன்றோ இதன் பொருள்? இவ்வகைக் கேட்டிற்கு எதிராக டெபியன் குழுவினர் 2013 முதல் ஒரு முயற்சியை மேற்கொண்டுள்ளனர். ஒரே மூல நிரலை யார், எங்கே பெயர்த்தாலும், எழுத்துப் பிசகாமல் ஒரே விளைவு வருதல் வேண்டும் என்பது அம்முயற்சியின் நோக்கம். விளைவு வேறுபட்டால், இடையில் ஏதோ நேர்ந்துள்ளது என்று ஆராயலாம்.

திறந்திருப்பதனாலேயே தீமை அணுகாது என்று எண்ணுதலும் தவறே. 2024-ஆம் ஆண்டு நிகழ்ந்தது அதற்குச் சான்று. கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்-இசட் என்னும் திறந்த மூல மென்பொருளின் பராமரிப்பில், புனைபெயர் கொண்ட ஒருவர் ஆண்டுக்கணக்கில் உதவி, நம்பிக்கையைப் பெற்று, இறுதியில் அதனுள் கள்ளவாயில் ஒன்றை மறைத்துவைத்தார். டெபியனின் சோதனைப் பதிப்புகள் வரை அது நுழைந்துவிட்டது. ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்ட் என்னும் பொறியாளர், தொலைக்கணினியில் நுழையும்பொழுது வழக்கத்தினும் ஏறத்தாழ அரை நொடி கூடுதலாவதைக் கண்டார். பிறர் பொருட்படுத்தாத அந்த அரை நொடியை அவர் பொருட்படுத்தினார். காரணத்தைத் தேடிச் சென்றார். கள்ளவாயிலைக் கண்டு, அவ்வாண்டு மார்ச்சு 29-ஆம் நாள் உலகிற்கு அறிவித்தார். நிலைப்பதிப்பை அது சென்றடையுமுன் தீங்கு தடுக்கப்பட்டது. கதவு திறந்திருந்ததால் அவர் உள்ளே சென்று பார்க்க இயன்றது. பார்க்கும் கண் இருந்ததால் தீமை அகப்பட்டது. திறந்த மூலம் உரிமையைத் தரும். விழிப்பை மனிதரே தருதல் வேண்டும்.

இவ்வாறெல்லாம் கூறுங்கால், மறுப்புரைப்பாரும் உளர். களஞ்சியத்தில் உள்ளவை பழைய பதிப்புகள் என்பது அவர் கூறும் முதற்குறை. அதில் உண்மை உண்டு. நிலைப்பதிப்பைக் காப்போர் புதுமையைவிட உறுதியையே விரும்புவர். ஆயினும், கற்கத் தொடங்குவோர்க்குச் சென்ற ஆண்டுப் பதிப்பே பெரிதும் போதுமானது. கூட்டலும் சுழற்சியும் ஓராண்டில் மாறிவிடுவதில்லை. புதிய பதிப்பே வேண்டும் என்னும் நிலை வருமாயின், அம்மொழியை ஆக்கியோரே தரும் வழியை நாடலாம். ரஸ்ட் என்னும் மொழிக்கு அதன் குழுவினர் தரும் நிறுவி, தலைமை உரிமை ஏதும் கேளாமல் பயனரின் சொந்தக் கோப்புறைக்குள்ளேயே அனைத்தையும் அமைத்துக்கொள்கின்றது. ஆக்கியோர் யார் என்று அறிந்து, ஓடும் கட்டளையைப் படித்து, தன் அறைக்குள் நிறுவுதல் குற்றமன்று.

இணையத்திலேயே நிரலை எழுதி இயக்கும் வசதி இருக்க, நிறுவும் தொல்லை எதற்கு என்பது இரண்டாவது குறை. வேறு கணினி இல்லாதவர்க்கு அவ்வசதி பேருதவி. அதனைப் பழிக்க வேண்டுவதில்லை. ஆனால், பிறர் வீட்டு முற்றத்தில் விளையாடுபவன், அவ்வீட்டார் கதவைச் சாத்தினால் வெளியேற வேண்டியவனே. இணைப்பு அற்ற ஊரிலும், கட்டணம் கட்ட இயலாத நாளிலும், தன் கணினியில் நிறுவிய கருவி துணை நிற்கும். அன்றியும், திறந்த மூலப் பொதிகளை ஒருவர் ஒருமுறை இறக்கிச் சேமித்துக்கொண்டு, வகுப்பினர் அனைவர்க்கும் படியெடுத்துக் கொடுக்கலாம். அது திருட்டன்று, உரிமத்தால் வழங்கப்பெற்ற உரிமை. இணைய வசதி குறைந்த பள்ளிகளுக்கு இஃது எத்துணைப் பெரிய நன்மை!

தமிழ்நாட்டு அரசு 2011-ஆம் ஆண்டு முதல் மாணவர்க்கு வழங்கிய மடிக்கணினிகள் பலவற்றில் பாஸ் அமைப்பும் இடம்பெற்றிருந்தது. கருவிகளின் களஞ்சியம் அவ்வாறு பல சிற்றூர்களின் வாயில் வரை வந்து சேர்ந்தது. வாயில் வரை வந்ததை உள்ளே அழைத்துக்கொள்ளுதல் மாணவரின் கடமை. அது கடினமன்று. அவசரம் ஒன்றை விலக்கினால் போதும். பதறாத காரியம் சிதறாது.

எனவே, நிரல் கற்கப் புகும் மாணவர் சில நெறிகளைக் கைக்கொள்வது நன்று. வேண்டிய கருவியைக் களஞ்சியத்தில் முதலில் தேடுக. ஆப்ட் காட்டும் பட்டியலைப் படித்த பின்னரே இசைவு தருக. பொருளறியாத கட்டளைக்குத் தலைமை உரிமையை வழங்காதிருக்க. அமைப்பின் கருவிகளை அமைப்பிற்கே விட்டு, தம் பயிற்சிக்குத் தனி அறை அமைத்துக்கொள்க. பிழைச்செய்தி தோன்றினால் மூடிவிடாமல், அதனை ஆசிரியரின் சொல்லாகக் கருதி இறுதி வரை படிக்க. ஒரு நாள் ஓய்வு வாய்க்கும்பொழுது, தாம் நிறுவிய கருவிகளுள் ஒன்றன் மூல நிரலையும் திறந்து பார்க்க. முழுதும் விளங்காவிடினும், விளங்கத்தக்க நிலையில் அது திறந்து கிடக்கின்றது என்பதையேனும் உணர்க.

உளியைத் தானே தீட்டிய சிறுவன், நாற்காலி செய்யும் நாளில் உளியைப் பற்றிக் கவலைகொள்ள மாட்டான்; அவன் கண் மரத்தின்மீதே இருக்கும். கருவியை அறிந்து நிறுவிய மாணவனும் அத்தகையனே. முனையத்தில் அவன் தட்டிய முதல் நிரல் பெயர்க்கப்பெற்று, திரையில் ஒற்றை வரியாக விடை தோன்றும். அவ்வரி சிறிது, ஆயினும் அதனைத் தோற்றுவித்த கருவி எவ்வழி வந்தது, எவர் ஒப்பமிட்டுத் தந்தது, எங்கே அமர்ந்திருக்கின்றது என்பதை அவன் அறிவான். அறிந்து கையாளும் கருவியே ஒருவனுக்கு உரிய கருவி. அறியாமல் கையாளும் கருவிக்கு உரியவர் வேறொருவரே.